வேலிப் பொட்டும் ஒரு வாளி கழுநீரும்

கொக்குவிலில் எங்கள் குசினியில் குப்பைக்கென்று ஒரு கூடை இருந்ததில்லை. வளவின் மூலையில் எருக்கிடங்கு ஒன்று இருந்தது. ஆனால் அதுவரை போய்ச் சேரும் பண்டம் மிகக் கொஞ்சம். அம்மாவின் கைக்கு வந்த எதுவும் ஒருதரம் சமைத்ததோடு முடிந்துபோனதில்லை. அரிசி களைந்த தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, தேங்காய் பிழிந்த சக்கை, வாழைக்காய்த் தோல், மீன் அலசிய நீர் என்று ஒவ்வொன்றும் அடுத்து எங்கே போகவேண்டும் என்பது அவவுக்குத் தெரியும். இன்றைக்கு யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்களைக் கூட்டிப்போகிற உணவகங்களில் ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. நல்லது, கிடைக்கட்டும். பதார்த்தங்கள் தப்பிவிட்டன. அவற்றைச் சுற்றியிருந்த நடைமுறை தப்பவில்லை. என் ஏக்கமெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஒரு நாளைக்கு ஒரு தேங்காய் என்பது வீட்டுக் கணக்கு. காலையில் ஒரு பாதி சம்பலுக்கும் பிட்டுக்கும் போய்விடும். மற்றப் பாதியைத் திருவி, பூவைக் கைச்சூடு தண்ணீரில் பிசைந்து, முதற்பாலை ஒரு பேணியில் தனியே எடுத்து மூடிவைப்பா. இரண்டாம் பாலில் கத்தரிக்காயோ பூசணிக்காயோ அவியும். மூன்றாம் முறை பிழிந்த தண்ணிப்பாலில் பருப்பு அவியும். கறி இறக்கும் நேரத்தில்தான் முதற்பால் அடுப்பங்கரைக்கு வரும். பிழிந்த சக்கை கோழிக்கு. கையில் காசு இல்லாத மாதங்களில் அந்தச் சக்கையையும் விடமாட்டா. தாச்சியில் போட்டுப் பொன்னிறமாக வறுத்து, செத்தல் மிளகாயும் உப்பும் புளியும் வைத்து இடித்தால் பாணுக்கு ஒரு சம்பல். நல்ல சிரட்டை அகப்பையாகும். வெடித்தது இஸ்திரிக்கைப் பெட்டிக்குக் கரியாகும். பொச்சு அடுப்புக்கு, அதில் உரித்த தும்பு சட்டி தேய்க்க. அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் அந்தத் தும்போடு சேரும், மிச்சம் கீரைப் பாத்திக்குப் போகும்.

வாழைக்காய் வாங்கினால் இரண்டு கறி என்று அர்த்தம். காய் பால்கறிக்கு. தோலை மெல்லிசாக அரிந்து மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கயர் எடுத்து அவித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தேசிக்காய் பிழிந்து பிசைந்தால் சம்பல். பிழிந்த தேசிக்காய் மூடிகள் உப்புப் போத்தலுக்குள் விழும். அந்தப் போத்தல் என் நினைவில் ஒருநாளும் வெறுமையாக இருந்ததில்லை.

சந்தையில் கத்தரிக்காய் மலிந்து விற்கும் நாட்களில் அப்பா கடகம் நிறைய வாங்கிவந்துவிடுவார். அம்மா முணுமுணுத்துக்கொண்டே அதை அரிந்து உப்பும் மஞ்சளும் பிரட்டிச் சுளகில் பரப்புவா. பாவற்காய் வத்தல், மோர் மிளகாய், மாங்காய் வத்தல், வேப்பம்பூ வடகம் எல்லாம் பங்குனி சித்திரை வெயிலில் முற்றத்துப் பாயில் கிடக்கும். காகம் கலைப்பது எங்கள் வேலை. பலாக்கொட்டையைக் கழுவி உலர்த்தி, மண்ணுக்குள் புதைத்துப் பானையில் வைத்திருப்பா. மார்கழி அடைமழையில் கடலுக்கு யாரும் போகாமல், சந்தைக்கு மரக்கறியும் வராமல் இருக்கும்போது அந்தப் பானைதான் கைகொடுக்கும்.

வேலியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சமையலைச் சொல்ல முடியாது. எங்களுக்கும் பக்கத்து வீட்டு மாமிக்கும் இடையில் கிடுகு வேலி. அதில் ஆள் குனிந்து போய்வரக்கூடிய ஒரு பொட்டு. மாமியிடம் மாடு நின்றது. எங்கள் கிணற்றடியில் நெளிந்துபோன அலுமினிய வாளி ஒன்று எந்நேரமும் இருக்கும். அரிசி களைந்த கழுநீர், எங்கள் தேவை போக மிஞ்சிய கஞ்சி, பூசணித் தோல், கீரைத் தண்டின் அடிக்கட்டை எல்லாம் அதற்குள். உப்பும் உறைப்பும் பட்ட எதுவும் அந்த வாளிக்குள் போகக்கூடாது என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே படிப்பித்த ஒழுங்கு. பின்னேரம் மாமி பொட்டுக்குள்ளால் வந்து வாளியைத் தூக்கிப்போய்த் தவிடும் புண்ணாக்கும் கரைத்து மாட்டுக்கு வைப்பா. காலையில் அதே பொட்டுக்குள்ளால் ஒரு போத்தல் பால் வரும். பாலுக்கு மாத முடிவில் காசு கொடுத்தோம். கழுநீருக்கு அவ ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் கன்று போட்டால் கடும்பு முதலில் எங்கள் வீட்டுக்குத்தான். அம்மா அதில் பனங்கட்டி சீவிப் போட்டு அவித்துத் தருவா. முற்றம் மெழுகச் சாணகம், கத்தரிக் கன்றுக்கு எரு, கோடையில் தாகத்துக்கு மோர் எல்லாம் அந்த வழியால்தான் வந்தன. எங்கள் வீட்டுக் கழுநீர்தான் சில நாட்களில் எங்கள் பழஞ்சோற்றுக்குத் தயிராகத் திரும்பி வந்தது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. வேலி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

மாட்டுக்குப் போகுமுன் கஞ்சிக்கு எங்களிடமும் அலுவல் இருந்தது. மொட்டைக்கறுப்பன் அரிசிக் கஞ்சி இளஞ்சிவப்பாக, கொழுகொழுவென்று வடியும். பள்ளிக்கூடத்தால் பசியோடு வரும் பிள்ளைக்கு மூக்குப்பேணியில் ஊற்றி, உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விட்டு, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுத்தால் சமையல் முடியும்வரை தாங்கும். ஞாயிற்றுக்கிழமைக் கஞ்சி அப்பாவின் வேட்டிக்கும் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைக்கும்.

மீன் என்றால் எங்கள் வீட்டில் கிழமைக் கணக்கு உண்டு. வெள்ளிக்கிழமை சைவம். மச்சச் சட்டிகள் வேறு, சைவச் சட்டிகள் வேறு. வியாழன் இரவோடு மீன் சட்டி வழித்துக் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிடும். ஆகையால் வியாழனில் மீன் வாங்குவதென்றால் அம்மா அளந்துதான் வாங்குவா. மற்ற நாட்களில் பாசையூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் படலையடியில் மணி அடிப்பார். விளைமீனோ பாரையோ ஒன்று பெரிதாக அகப்பட்டால் அன்றைக்கு மூன்று சமையல். நடுத்துண்டு குழம்புக்கு, சினை பொரிக்க, தலையும் வாலும் சொதிக்கு. கை வழுக்காமல் இருக்க மீனில் சாம்பல் பூசி, அரிவாளில் செதில் சீவி, குடலை மாதுளையடியில் கிடங்கு கிண்டித் தாட்பா. பூனைக்கு முன்னமே பங்கு போய்விடும். அலசிய தண்ணீர் முருங்கைக்கு. சுறா வந்தால் அவித்துத் தோலை உரித்து உதிர்த்து, முருங்கையிலையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறை. ஒரு சின்னச் சுறாத்துண்டு எங்கள் வீடு முழுவதற்கும் கண்டது அந்த முருங்கையிலையின் தயவால்தான்.

இனிக் குழையல். இதைப் பற்றி எழுதுவதற்காகவே இவ்வளவும் எழுதினேனோ என்று தோன்றுகிறது.

இரவு மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வைப்பா. மிஞ்சிய மீன்குழம்பைச் சட்டியோடு அடுப்புத் தணலில் விட்டுவிடுவா. விடியும்போது குழம்பு சுண்டி, சட்டியின் ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாகப் பிடித்திருக்கும். காலையில் சோற்றைத் தண்ணீரிலிருந்து அள்ளி, இரண்டு கையாலும் பொத்திப் பிழிந்து, நேரே அந்தச் சட்டிக்குள் போடுவா. அதோடு கையால் நசித்த சின்ன வெங்காயம், கிள்ளிய பச்சை மிளகாய், இருந்தால் கொஞ்சம் தயிர். பிறகு குழைப்பா. உள்ளங்கை சட்டியின் சுவரைச் சுற்றிச் சுற்றி வரும். ஓரத்தில் காய்ந்து பிடித்திருந்த குழம்பெல்லாம் சோற்றோடு கரைந்து வரும். மீன் முள்ளு விரல் நுனியில் தட்டுப்பட்டால் எடுத்துப் புறம்பாக வைப்பா. நாங்கள் வட்டமாகக் குந்திக்கொண்டு கையை நீட்டுவோம். சோற்றை உருட்டி, நடுவில் பெருவிரலால் ஒரு குழி குத்தி, பிழிந்த தண்ணீரில் கொஞ்சம் அந்தக் குழிக்குள் விட்டு உள்ளங்கையில் வைப்பா. ஒழுகுமுன் வாய்க்குள் போடவேண்டும். ஆகக் கடைசித் தம்பிக்கு மேலால் உறைப்பில்லாத சோறு. பெரியண்ணைக்கு அடியில் இருப்பது. யாருக்கு எத்தனை உருண்டை என்று எண்ணுவதில்லை. ஆனால் சோறு முடியும்போது எல்லோருக்கும் வயிறு நிறைந்திருக்கும். அம்மாவுக்குச் சட்டியின் அடி. அதை அவ ரசித்துத்தான் சாப்பிட்டா. தியாகம் செய்கிற முகம் அதில் இருக்கவில்லை. அடியில்தான் ருசி என்று சொல்லி, கேட்டாலும் தரமாட்டா. பிறகு சட்டியைக் கழுவ என்று பெரிதாக ஒன்றும் இராது.

பனை என்றால் அது எங்கள் ஆச்சியின் ஆட்சி. ஆவணி, புரட்டாசியில் இரவில் பனம்பழம் தொப்பென்று விழும் சத்தம் கேட்டால் எது எங்கள் பனை, எது பக்கத்து வளவுப் பனை என்று படுத்தபடியே சொல்லுவா. பழத்தைச் சுட்டுச் சூப்பலாம். பிசைந்து களி எடுத்துப் பணியாரம் சுடலாம். மிச்சக் களியைப் பாயில் ஊற்றி, காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு படை ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. சூப்பிப்போட்ட விதை ஒன்றையும் எறியவிடமாட்டா. எல்லாம் பாத்திக்கு. தை மாதத்தில் பாத்தியைக் கிண்டினால் கிழங்கு. அவித்து உடனே தின்பது ஒரு வகை. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாகப் பூரான், அது எங்களுக்கு. வெறும் ஊமல் காய்ந்து அடுப்புக்குப் போகும். அதன் கரியை ஆச்சி பல்விளக்க எடுத்து வைப்பா. பல் விழுந்த பிறகு புழுக்கொடியலைப் பாக்குரலில் இடித்து, தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் சேர்த்து, வாயில் ஊறவிட்டுத் தின்றா.

ஒடியல் மாவில் இயல்பாகவே ஒரு கைப்பும் காறலும் உண்டு. தண்ணீரில் ஊறப்போட்டு, மா அடியில் படிய, மேல் தண்ணீரை வார்க்கவேண்டும். திரும்பவும் தண்ணீர், திரும்பவும் வார்ப்பு. அதற்குப் பொறுமை வேண்டும், ஆச்சியிடம் இருந்தது. வீட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்து எதுவும் ஒரு கறிக்குக் காணாத நாளில் கூழ் காய்ச்சுவார்கள். நாலு நண்டு, ஒரு பிடி இறால், ஒரு மீன் தலை, ஐந்தாறு பயிற்றங்காய், ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை, ஒரு சிறங்கை அரிசி. இவை தனித்தனியே ஒருவருக்கும் பசியாற்றா. பெரிய பானையில் சேர்த்து அவித்து, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் விட்டு, கடைசியில் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினால் அந்த வீடும் அயல் வீடும் குடிக்கும். குருத்தோலையில் பிளா கோலி, முற்றத்தில் இருந்து குடிப்போம். பிறகு கழுவுவதற்குப் பாத்திரமும் இல்லை, பிளா எருக்கிடங்குக்கு.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிய காலத்தில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் எங்கள் செம்மண் தோட்டக்காரர் கை நிமிர்ந்தது, கல்வீடுகள் எழும்பின. மாதச் சம்பளக்காரர் வீடுகள் நெரிபட்டன. அப்பா வாத்தியார். கூப்பன் அரிசியும் மாவும் எடுக்கச் சங்கக்கடையில் வரிசை. பாணுக்கு விடியப்புறமே வரிசை. ஒரு மாவட்டத்திலிருந்து மற்றதுக்கு அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. சீனியை உள்ளங்கையில் வைத்து, நக்கி நக்கித் தேத்தண்ணீர் குடித்தோம். அம்மா மரவள்ளியைச் சட்டி மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் எங்களுக்குத் தருவா. கிழங்கில் உள்ள நஞ்சுத்தன்மை அப்படித்தான் இறங்கும் என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தேன். அவவுக்கு அது அவவின் தாய் சொன்னது. மா வந்த துணிச் சாக்கைக் கூடத் துவைத்து எங்களுக்கு உள்ளுடுப்புத் தைத்தா.

அந்த ஏழு ஆண்டும் ஒரு பயிற்சி என்று 1990 யூனில் போர் திரும்பவும் தொடங்கியபோதுதான் தெரிந்தது. மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், உரம், பற்றரி என்று வராதவற்றின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு எரித்தோம். பனங்களியில் உடுப்புத் துவைத்தோம். கொடியில் காயும் சேலையின் வாசத்துக்கு மாமியின் மாடு வந்து சப்பும். விலை ஏறாத பண்டங்களைச் சமைக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. முசுட்டை, தவசிமுருங்கை, குறிஞ்சா, முல்லையிலை எல்லாம் வேலியில் கிடந்தவை. அந்த நாட்களில் எங்கள் சட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரு பச்சை இலை இருந்தது. கவலை நிறைய இருந்தும் ஒருவரும் நோஞ்சானாகவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போருக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் நடந்தபோது அம்மா எடுத்த பொதிக்குள் கொஞ்ச அரிசி, உப்பு, ஒரு சட்டி, ஒரு பை ஒடியல். நகைப்பெட்டி அப்பாவின் பொறுப்பு. கொடிகாமத்தில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று குடும்பம் தங்கினோம். மழை. அந்த வீட்டுக்கார அம்மா மரவள்ளி பிடுங்கித் தந்தா; இன்னொரு குடும்பத்திடம் கொஞ்சம் கருவாடு இருந்தது; எங்களிடம் ஒடியல். உரல் இரவல் வாங்கி இடித்து, அம்மா கூழ் காய்ச்சினா. அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது கூரையில் ஓடு இல்லை. உரல் கிடந்தது. பனைகள் பல இல்லை. காவலரணுக்கும் பதுங்குகுழிக்கும் தறித்துப் போயிருந்தன.

ஆனாலும் போர் மட்டும் இதை அழித்தது என்று நான் சொல்லமாட்டேன். நெருக்கடியில்தான் அம்மாவின் அறிவு ஆகக் கூர்மையாக வேலை செய்தது. அமைதி வந்த பிறகு மதில் எழும்பியது. மாமியின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி முதலில் கட்டியது மதில்தான். நாங்களும் எங்கள் பங்குக்கு மற்றப் பக்கம் கட்டினோம். கள்ளர் பயம், கிடுகு கிடையாது, வேயக் கூலியாள் இல்லை. காரணங்கள் எல்லாம் உண்மையே. கல் மதிலில் பொட்டு விடுவதில்லை. கழுநீர் வாளியை ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு போகவேண்டி வந்தது. மாமிக்கு முழங்கால் நோ. சில மாதங்களில் மாட்டை விற்றுவிட்டா. அதற்குப் பிறகு எங்கள் கழுநீர் கானுக்குள் போனது. முசுட்டையும் குறிஞ்சாவும் படர வேலி இல்லை. இப்போது திருநெல்வேலிச் சந்தையில் கட்டு வைத்து விற்கிறார்கள், நானும் காசு கொடுத்து வாங்குகிறேன். தேங்காய்ப்பால் பெட்டியில் வருகிறது. மூன்றாம் பால் என்ற ஒன்று அதில் இல்லை. குழம்பு சுண்டத் தணலும் இல்லை. மிஞ்சியது குளிர்ப்பெட்டிக்குள் போய், நாலு நாள் இருந்து, பிறகு பிரதேசசபைக் குப்பை வண்டிக்குப் போகிறது. அம்மா தன் கடைசி ஆண்டுகளில் அந்த வண்டியின் சத்தம் கேட்டால் எழும்பி வாசலுக்கு வருவா. எந்த வீட்டுப் பைக்குள் என்ன போகிறது என்று பார்ப்பா.

மாமியும் போய்விட்டா. வீடு பூட்டிக் கிடக்கிறது. மதிலுக்கு மேலால் அவவின் முருங்கை எங்கள் பக்கம் சாய்ந்து காய்க்கிறது. ரொறன்ரோவில் இருக்கும் அவவின் கடைசி மகளுக்குத் தொலைபேசி எடுத்து, பிடுங்கட்டோ என்று கேட்டேன். “அக்கா, இதுக்கெல்லாம் கேக்கிறதே? முழுக்கப் பிடுங்குங்கோ” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, யாராவது வந்தால் ஒடியல் மா கொடுத்துவிட முடியுமா என்று கேட்டாள். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் பைக்கற்றில் கிடைக்கிறது, வாங்கி வைத்திருக்கிறேன். வார முடிவில் காய்ச்சப் போகிறாளாம். “மீன் தலை இஞ்சை மலிவு அக்கா, சீனக் கடையிலை பெருசாத் தருவாங்கள். பலாக்கொட்டை உறைய வைச்சது கிடக்கு. மாவைத்தான் எப்பிடி ஊறப் போடுறது எண்டு தெரியேல்லை.” முதல் நாள் இரவே போடு பிள்ளை, நிறையத் தண்ணி விடு, விடிய மேல் தண்ணியை வார்த்துப்போட்டுப் புதுத் தண்ணி விடு, நாக்கில் தொட்டுப் பார், காறினால் இன்னொருக்கா மாத்து என்று சொன்னேன். எழுதிக்கொள்கிறேன் என்று பேனை தேடப் போனாள்.